நாலாவது டின்

பங்குனி வெயில் பத்து மணிக்கே மொட்டைமாடியில் கால் வைக்க விடவில்லை. செண்பகவல்லிக்கு அதில் பரம திருப்தி. இந்த வெயில் சாயங்காலம் வரை இப்படியே நின்றால் போதும், வத்தல் வழிக்கு வந்துவிடும். எட்டு கிலோ சம்பா மிளகாய் வத்தல், கணவர் ராமசுப்புவின் பழைய வேட்டிகள் இரண்டின் மேல் பரந்து கிடந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கினாள். விதை சலசலத்தது, நல்லது. இன்னொன்று ஊமையாக இருந்தது, அமுக்கினால் தோல் வளைந்தது, அதை ஓரமாக ஒதுக்கினாள். ஒரே ஒரு ஈரவத்தல் போதும், டின் முழுக்கப் பூசணம் பிடித்துவிடும். பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. அவர்கள்தான் இப்போது கீழே தெருவில் பையும் காலிக் கேனுமாக வேகு வேகென்று போய்க்கொண்டிருந்தார்கள். கப்பல் வரவில்லையாம், எண்ணெய் விலை ஏறப்போகிறதாம், பின்னாலேயே பருப்பும் ஏறுமாம். டிவியில் சொன்னதிலிருந்து விருதுநகரே கடை வாசலில் நிற்கிறது. பருப்பும் எண்ணெயும் வந்து குவிகிற ஊரிலேயே இந்தக் கூத்து. இதில் ராமசுப்புவும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "நீங்க எதுக்கு?" என்றாள். "எல்லாரும் போறாகளே செண்பகம், நாமளும் ஒரு டின்னு..." என்று இழுத்தார். நல்லெண்ணெய் ஒரு டின், கடலையெண்ணெய் இரண்டு டின், உடைக்காமல் வீட்டில் இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் தினமும் குளிக்கப் போகிறார். இருந்தும் வரிசையைக் கண்டால் அந்த மனுசனுக்குக் கால் நிற்காது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். வீட்டில் இருந்தால் நேற்று வந்த போனைப் பற்றிப் பேச்செடுப்பார்.

போனைப் பற்றி நினைக்கக்கூடாது என்றுதான் வத்தலைப் புரட்டவே உட்கார்ந்தது. வத்தல் என்றால் வத்தல் மட்டும். நெடி மூக்கில் ஏறி ஒரு தும்மல், அடுத்தடுத்து இரண்டு, அதுவும் நல்லதுதான், காரமுள்ள வத்தல். கடைக்காரர் சாக்கை அவிழ்த்தபோதே காம்பைப் பார்த்து எடுத்தது. அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா வந்துட்டாகன்னா மாசி பொறந்துருச்சுன்னு அர்த்தம்" என்று கல்லாவில் இருந்த மகனிடம் சொன்னார். சொல்லமாட்டாரா பின்னே? இருபத்தைந்து வருசமாக வருசச் சாமானை மாசியிலும் பங்குனியிலுமாக வாங்கி முடிக்கிறவள் செண்பகவல்லி. முதலில் பருப்பு. புதுத் துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவி, இரண்டு வெயில் காட்டி, டின்னில் அடைத்து இறுக மூடுவாள். அப்புறம் மல்லி. அப்புறம் புளி, கொட்டை எடுத்து, நார் உருவி, கல்லுப்புத் தூவித் தூவிச் சாடியில் அமுக்கி, வாயில் துணியால் வேடு கட்ட வேண்டும். கடைசியில் வத்தல். இதற்கெல்லாம் நோட்டும் கிடையாது, பேனாவும் கிடையாது. தலைக்கு இவ்வளவு, அவ்வளவுதான். தலைக்கு ஒரு டின் பருப்பு, பத்து கிலோ. தலைக்கு ஒரு சாடி புளி, மூன்று கிலோ. வத்தலும் மல்லியும் தலைக்கு இரண்டிரண்டு கிலோ. டின்களும் சாடிகளும் சாமானறையில் சுவரோரம் வரிசையாக நிற்கிற அழகை, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நிறைஞ்ச வீடு என்பார்கள். ஊரடங்கு போட்ட வருசம் இந்தத் தெருவில் பதினோரு வீட்டுக்கு இங்கிருந்துதான் பருப்பு போனது. கிண்ணத்தை நீட்டிய ஒருவரிடமாவது இல்லை என்று சொன்னதுண்டா, கேட்டுப் பாருங்கள். இப்படி அவள் மனசுக்குள்ளேயே யாரையோ கேட்டாள். கேட்ட வேகத்தில் மகள் சுகந்தியின் குரல் வந்து மோதியது. சரிம்மா. அந்த ஒரு வார்த்தைதான். நேற்றிலிருந்து சேலை முள்ளில் மாட்டினதுபோல அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நேற்றும் இதே நேரம்தான். அடுப்படியில் புளிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள், முழங்கை வரைக்கும் புளி. போன் அடித்தது. முழங்கையால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டாள். திருப்பூரிலிருந்து மகள். நல்லாருக்கியா, நல்லாருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று எப்போதும்போல ஓடின பேச்சு எங்கேயோ ஒரு இடத்தில் நின்றது. நின்று, "அம்மா, நான் அங்க வந்து இருக்கட்டுமா?" என்றாள் சுகந்தி. வரட்டுமா என்று கேட்கவில்லை, வந்து இருக்கட்டுமா என்றாள். அந்த வித்தியாசம் செண்பகவல்லிக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததனால்தான் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. "கையெல்லாம் புளியா இருக்குடி, அப்புறம் பேசுறேன்." சுகந்தி "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் திருப்பித் திட்டி, அதோடு வாடி என்றும் சொல்லியிருக்கலாம். அப்புறம் கை கழுவினாள். மதியம் கழுவின கை, சாயங்காலமும் கழுவின கையாகத்தான் இருந்தது. எடுத்துப் பேசவில்லை. காலையில் காப்பி குடிக்கும்போது ராமசுப்புவிடம் சொன்னாள். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் மாப்பிள்ளகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?" என்றார். அவள் வத்தலை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். மாப்பிள்ளையிடம் என்ன பேசுவது? அந்த வீட்டில் பேசுகிறவர் மாப்பிள்ளையா என்ன?

இந்தப் பக்கத்து வத்தல் காய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் நிழல் விழுந்த இடம், அதை இழுத்து வெயிலில் விட வேண்டும். இழுத்தாள். புளி என்றால் செண்பகவல்லிக்கு இன்னொரு புளியும் இருக்கிறது. சுகந்தியை மூன்று மாசம் வயிற்றில் வைத்திருந்த வருசம் ராமசுப்பு வேலை பார்த்த பஞ்சாலையைப் பூட்டிவிட்டார்கள், எட்டு மாசம். எது உள்ளே போனாலும் வாந்தி, புளி மட்டும் கேட்டது நாக்கு. வீட்டில் சாடியே கிடையாது அப்போது, ஒரு அலுமினியத் தூக்கு, அதன் அடியில் உப்புதான் மிச்சம். பக்கத்து வீட்டில் போய் ஒரு நெல்லிக்காய் அளவு கேட்டாள். "புளி இல்லையே செண்பகம்" என்றாள் அந்த அம்மா. அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்படி மேடையில் வேடு கட்டின சாடி நின்றது, மஞ்சள் துணி. கண்ணை அதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, எடுக்காமல் இருக்கவும் கூச்சம். சரிக்கா என்று திரும்பி வந்தாள். அவளும் சரிக்கா என்றுதான் சொன்னாள். இன்றைக்குத்தான் அது ஞாபகம் வருகிறது, அதே குரல், அடிச்சட்டியைச் சுரண்டின மாதிரி ஒரு குரல். மில் திறந்த பிறகு முதல் போனஸில் எல்லாப் பெண்களும் சேலை எடுத்தார்கள், செண்பகவல்லி சாடி வாங்கினாள். என் வாசலில் யாரும் அந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பக்கூடாது என்று அன்றைக்கு வைத்துக்கொண்டதுதான் இந்த டின்னும் சாடியும் வரிசையும் எல்லாம். பெருமைதான், யார் இல்லையென்றது? பெருமைப்பட இருக்கிறவள் பட்டுக்கொள்ள வேண்டியதுதானே. ஆனால் அந்தப் புளியைக் கேட்டது யார்? வயிற்றில் இருந்தவள். பிறக்கும் முன்னாலேயே ஒரு வாசலில் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பினவள். அவளிடம் போய், கையெல்லாம் புளி, அப்புறம் பேசுறேன். கண்ணில் என்னவோ உறுத்துகிறதென்று கையைக் கொண்டுபோய்விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். வத்தல் கை.

இரண்டு வருசத்துக்கு முன்னால் திருப்பூர் போனபோதே கண்ணில் பட்டதுதான். மூன்று நாள் தங்கினாள். சம்பந்தியம்மாள் மரியாதைக்குக் குறைவில்லை, வாங்க, உக்காருங்க, இன்னொரு தோசை வைக்கட்டுங்களா. ஆனால் அடுப்படியில் மளிகைச் சாமான் அலமாரிக்குப் பூட்டு. காலையில் சம்பந்தியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, பருப்பு ஒரு டம்ளர், எண்ணெய் ஒரு கரண்டி, சர்க்கரை இத்தனை என்று அளந்து மேடையில் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனாள். சுகந்தி அதை வைத்துச் சமைத்தாள். தாளிக்கிற கரண்டியில் எண்ணெய் போதாமல் கடுகு வெடிக்காமலே கருகியது. செண்பகவல்லி அந்தக் கடுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுகந்தி திரும்பிப் பார்க்காமல், "எறும்பு வருதும்மா, அதான் பூட்டி வைக்காக" என்றாள். பூட்டைத் திறந்து தின்கிற எறும்பை செண்பகவல்லி எங்கேயும் கண்டதில்லை. நாற்பது கிலோ பருப்புக்கு நடுவில் வளர்ந்த பெண், கை நிறைய அள்ளிப் போட்டுப் பழகின பெண், ஒரு டம்ளரைத் தட்டித் தட்டி நிரவிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏழு மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் விடவில்லை? பயம். விலை ஏறும், மழை தப்பும், மில் பூட்டும், ஊரே அடங்கும், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஏற்பாடு இருந்தது. மகள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எந்தக் கடையில் என்ன வாங்கிப் போடுவது? நிறைஞ்ச வீடு என்று சொன்ன வாய்களெல்லாம் நாளைக்கு என்ன சொல்லும்? இதையும் செண்பகவல்லி நினைத்தாள், நினைத்ததை இப்போது தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள். அதோடு இன்னொன்று. சாமானறை என்பதே சுகந்தியின் அறைதான். அவள் கல்யாணமாகிப் போன மறு மாசம் டின்களெல்லாம் அங்கே குடியேறின. அவள் கட்டில் மேல் இப்போது அரிசி மூட்டை படுத்திருக்கிறது. வந்தால் எங்கே படுப்பாள் என்று நேற்று மதியம் ஒரு நிமிசம் அந்த அறை வாசலில் நின்றுகூடப் பார்த்தாள். நின்றுவிட்டு, அந்த வழியாகவே வராதவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"யக்கா, மேலயா இருக்கீங்க?"

டெய்சி டீச்சர். எதிர்வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள், சனிக்கிழமை லீவு. சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு மாடிக்கு ஏறி வந்தாள். கையில் ஒரு சின்ன நோட்டு. "எதுக்குக்கா இம்புட்டு, வண்டு திங்கவா?" என்று போன வருசம்வரைக்கும் சிரித்தவள் இவள்தான்.

"கண்ணு ஏங்க்கா இப்படிச் செவந்திருக்கு?"

"வத்தல் நெடி. என்ன டீச்சர், வரிசைக்குப் போகலையா?"

"போயிட்டுத்தான் வாறேன். கூட்டத்துல செருப்பு அறுந்ததுதான் மிச்சம். ஒங்க வீட்டுச் சாரும் நிக்காக, இன்னும் அவுக முன்னால நாப்பது பேரு." டீச்சர் நிழல் பார்த்து உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். "ஒங்கள மாரி நானும் வருசத்துக்கு வாங்கிப் போட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டேன். எங்க வீட்லயும் மூணு பேரு, ஒங்க வீட்லயும் மூணு பேரு. நீங்க சொல்லுங்க, நான் அப்படியே எழுதிக்கிடுறேன்."

செண்பகவல்லிக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. படித்த பிள்ளை, ஐம்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், வண்டு திங்கவா என்று கேட்ட அதே வாய். இந்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை என்று சொன்னால் பொய். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தாள். "எழுதுங்க. துவரம்பருப்பு நாப்பது கிலோ. புளி பன்னெண்டு. வத்தல் எட்டு, மல்லி எட்டு."

"நாப்பதா? தலைக்கு எவ்வளவுக்கா வச்சுக்கிடுறீங்க?"

"தலைக்குப் பத்து."

டீச்சர் பேனாவை நிறுத்தினாள். "அப்ப முப்பதுல்லக்கா வரணும்."

"அது எப்படி முப்பது? நாலு டின்னுல்ல."

"புளி தலைக்கு எவ்வளவு?"

"மூணு கிலோ. ஒரு சாடி."

"அப்ப ஒம்பதுதான். நீங்க பன்னெண்டுங்கிறீங்க." டீச்சர் நோட்டில் எதையோ அடித்துத் திரும்பப் போட்டாள். பரீட்சைத் தாளில் பிள்ளை எங்கே தப்புப் பண்ணியது என்று தேடுகிற முகம். "நீங்களும் சாரும் ரெண்டு, மகன் தினகரனோட மூணு. நீங்க எல்லாத்தையும் நாலு ஆளுக்குச் சொல்லுறீங்கக்கா. அந்த இன்னொரு ஆளு யாரு?"

செண்பகவல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விருந்தாளு வந்தா என்று சொல்லத்தான் திறந்தாள், வருசா வருசம் எல்லாரிடமும் சொல்கிற பதில். வரவில்லை. கையில் இருந்த வத்தலை வேட்டியில் போட்டாள். சுகந்திக்குக் கல்யாணமாகி ஆறு வருசம். ஆறு மாசி. ஆறு மாசியிலும் கடையில் போய் நின்று நாப்பது என்று சொன்னது இந்த வாய். நாலு டின்னைக் கழுவிக் கவிழ்த்தது இந்தக் கை. ஒவ்வொரு வருசமும் நாலாவது டின் மட்டும் திறக்காமலே நிற்கும், அடுத்த மாசி வந்ததும் அதைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் புதுப் பருப்பை அடைத்து வைப்பாள். "அந்த நாலாவது டின்னு யாருக்கு, சாமிக்கா?" என்று ராமசுப்பு சிரிப்பார். வாங்கத் தெரியாமல் வாங்குகிறாள் என்று தினகரன் சொல்வான். கூடப் போய்விட்டதாக்கும் என்று அவளே நினைத்திருக்கிறாள். கூடவெல்லாம் போகவில்லை. தலைக்கு ஒரு டின், சரியான அளவுதான். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளை அனுப்பிவைத்த செண்பகவல்லி, சாமான் வாங்கும்போது மட்டும் அவளை அனுப்பவே இல்லை. அங்கே பூட்டின அலமாரிக்கு முன்னால் அவள் டம்ளரைத் தட்டி நிரவிக்கொண்டிருந்த ஒவ்வொரு காலையிலும் இங்கே அவளுடைய பத்து கிலோ விளக்கெண்ணெய் தடவி, வெயில் காட்டி, வண்டு அண்டாமல் காத்துக்கொண்டிருந்தது. முதலில் வெட்கமாக இருந்தது செண்பகவல்லிக்கு, நேற்று சொன்னதை நினைத்து, அடிபட்ட மாதிரி வெட்கம். அதற்குப் பின்னால், எங்கிருந்துதான் வந்ததோ, நெஞ்சு முழுக்க ஒரு பெருமை. இத்தனை வருசம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களே, அவர்கள் பாராட்டினபோதெல்லாம் வந்த பெருமை இதற்கு உறைபோடக் காணாது.

"டீச்சர், வத்தலக் கொஞ்சம் பாத்துக்கோங்க. புறா வரும்."

வத்தலை இதுவரைக்கும் யாரை நம்பியும் விட்டதில்லை. டீச்சர் ஆச்சரியமாகத் தலையாட்டுவதற்குள் படி இறங்கிவிட்டாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குச் சாமானறை இருட்டாகத் தெரிந்தது. மெதுவாக டின்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தன, ஒன்று, இரண்டு, மூன்று, ஜன்னலுக்குக் கீழே நாலாவது. விரல் முட்டியால் அதைத் தட்டினாள். கழுத்து வரைக்கும் நிறைந்த டின், டொக் என்று கெட்டியாகச் சொன்னது. போன் கட்டில் ஓரத்தில் அரிசி மூட்டையின் மேல் கிடந்தது. கையைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து, நகக்கண்ணில்கூட வத்தல் பொடி. அடுப்படி எட்டு அடியில் இருக்கிறது, குழாயும் இருக்கிறது, சோப்பும் இருக்கிறது. அந்த எட்டு அடியை அவள் நம்பவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் மகள்.

"அம்மா?"

"சுகந்தி. நேத்து கையெல்லாம் புளியா இருந்துச்சுடி."

"சொன்னியேம்மா."

"இன்னைக்குக் கையெல்லாம் வத்தல். அதனால என்ன? நீ கெளம்பி வா தாயி."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ பாத்திரம் உருட்டினார்கள். பிறகு, "அப்பா என்ன சொல்றாக?" என்றாள் சுகந்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அப்பா எண்ணெய் வரிசையில நிக்காக, அவுக முன்னால நாப்பது பேரு. வந்ததும் உன் கட்டில் மேல இருக்க அரிசி மூட்டைய எறக்கச் சொல்லுறேன். ஒரு டின்னுக்கு நின்ன காலு, ஒரு மூட்டைக்கு நிக்காதா?"

சுகந்தி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ ஆனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொஞ்ச நாளைக்குத்தாம்மா. ஒரு வேலை தேடிக்கிட்டு நான்..." என்றாள்.

"கொஞ்ச நாளைக்கா?" செண்பகவல்லிக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "நான் வருசத்துக்கு வாங்கிப் போட்டுருக்கேன்டி உனக்கு."

அதற்கு மேல் அந்தப் பக்கமிருந்து வந்தது அழுகைதான், நேற்று வராத அழுகை. செண்பகவல்லி அழாதே என்று சொல்லவில்லை, நாலாவது டின்னின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். போன் பட்ட இடமெல்லாம் வத்தல் காந்தல் ஏறி வலது காது தீயாக எரிந்தது. மாற்றிப் பிடித்தால் மகள் குரல் ஒரு நொடி விட்டுப்போகும். அதனால் மாற்றாமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.